நாயின் சொறியும் நம்முடைய புத்தியும்

நம்முடைய நாட்டில் மனிதனுக்கு ஒரு வியாதி வந்தாலே, அதற்குக் காரணம் என்ன என்று தேடுகிற வழக்கம் சொற்பம். யார் செய்த பாவம், எந்தக் கிரகத்தின் பார்வை, யாருடைய கண் பட்டது என்று கேட்கிற வழக்கந்தான் அதிகம். மனிதனுக்கே இந்தக் கதி என்றால், நாய்க்கு வந்த வியாதியைப் பற்றிக் கேட்பானேன்? ஆனாலும் இந்த வாரம் நாயைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். “நாட்டில் எத்தனையோ சங்கதிகள் இருக்க, நாயின் சொறிக்கு ஒரு வியாசமா?” என்று சில கனவான்கள் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். ஒரு நாய் ஏன் சொறிகிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனை எந்தப் பூசாரியும், எந்த ஜோசியனும், எந்த வியாபாரியும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது என்பது நமது அபிப்பிராயம். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஜூஜுவாடியை எடுத்துக் கொள்வோம். ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில், தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் ஆரம்பிக்கிற இடத்தில் உள்ள ஊர். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாத ஊர். சிப்காட் ஆலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள் குடியிருக்கும் ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் பேசப்படும் ஊர். இங்கே ஒரு தொழிலாளியின் வீட்டில் ஒரு நாய் வளர்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதற்குக் காலையில் கொஞ்சம் பால். குழந்தை தின்கிற பிஸ்கட்டில் பாதி. டீக்கடையில் ஒரு பொறை. மத்தியானம் சோறோ, ராகிக் களியோ. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறியின் மிச்சம். இப்படியே இரண்டு மூன்று வருஷம் சுகமாயிருந்த நாய் காதைச் சொறிய ஆரம்பிக்கிறது. பாதத்தை ஓயாமல் நக்குகிறது. அடிவயிறு சிவக்கிறது, மயிர் கொட்டுகிறது, காதில் சீழும் நாற்றமும் வருகிறது, ஆசனவாயைத் தரையில் தேய்த்துக் கொண்டு போகிறது, அடிக்கடி பேதியாகிறது.

இப்பொழுது யோசனை சொல்ல எத்தனை பேர் வருகிறார்கள் பாருங்கள்! பாட்டி வந்து, “கண் திருஷ்டி, கருப்புக் கயிறு கட்டு” என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர், “சனி பார்க்கிறான், தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு விளக்குப் போடு” என்கிறார். லாரி ஷெட்டுக்காரர் இன்ஜினிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத் தகர டப்பாவில் கொண்டுவந்து, “இதைத் தடவு, மூன்று நாளில் போய்விடும்” என்கிறார். கடைக்காரர் ஒரு பெரிய பையைக் காட்டி, “தானியமே இல்லாத தீனி, இதை வாங்கு” என்கிறார். கைப்பேசியைத் தட்டினால், “நாலு மயிரை அனுப்பு, நூறு அலர்ஜிக்குப் பலன் சொல்லுகிறோம்” என்று விளம்பரம் வருகிறது. இவ்வளவும் செய்து பார்த்துக் காசு தீர்ந்தவுடன், “சொறிநாய் வீட்டுக்கு ஆகாது” என்று எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதோடு காரியம் முடிகிறது.

இத்தனை யோசனைகளும் வேறு வேறாகத் தோன்றினாலும், இவற்றில் உள்ள குற்றம் ஒன்றுதான். அந்த நாய் என்ன தின்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தாங்கள் சொன்னது மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்க ஒருவரும் ஒப்பவில்லை.

பைரவரும் பாலும்

நாய் பைரவருக்கு வாகனமாம். ஆகவே கிரக தோஷம் நீங்க நாய்க்குப் பாலும் தயிர்ச் சோறும் போட வேண்டும் என்று ஜோசியர்கள் சொல்லுகிறார்கள். பசித்த நாய்க்குச் சோறு போடுவதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் போடுவது யாருக்காக? நாய்க்காகவா, தன் ஜாதகத்துக்காகவா? கோயிலில் கல்லில் செதுக்கிய நாய்க்குப் பூமாலை. தெருவில் உயிருள்ள நாய்க்குக் கல்லடி. இந்த யோக்கியதையில் இருக்கிறது நமது பக்தி.

பாலின் சங்கதியைச் சற்றுப் பாருங்கள். குட்டியாயிருக்கும் பொழுது தாய்ப்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க வைக்கிற லாக்டேஸ் என்னும் பொருள் நாயின் குடலில் தாராளமாய் ஊறுகிறது. பால்குடி மறந்து வளர்ந்த பிறகு அது குறைந்து போகிறது. அப்படிப்பட்ட நாய்க்கு ஒரு கிண்ணம் பாலை ஊற்றினால், செரியாத பால் சர்க்கரை பெருங்குடலில் போய்ப் புளித்து, வயிறு உப்பி, காற்றுப் பிரிந்து, பேதியாகிறது. அஷ்டமியன்று பால் குடித்த நாய்க்கு நவமியன்று பேதியானால் அதற்குச் சனி பொறுப்பாளியல்ல, கிண்ணந்தான் பொறுப்பாளி.

மூன்றையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது

“தீனி ஒத்துக்கொள்ளவில்லை” என்று பொதுவாகச் சொல்லி விடுகிறோம். அதற்குள் மூன்று வேறு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, மேலே சொன்ன செரிக்க மாட்டாமை. இது பெரும்பாலும் வயிற்றோடு நிற்கும். அளவைப் பொறுத்தது, ஒரு கரண்டி பால் ஒன்றும் செய்யாது, ஒரு கிண்ணம் தொந்தரவு செய்யும்.

இரண்டு, அலர்ஜி என்கிற ஒவ்வாமை. உடம்பைக் காக்கிற சக்தியானது உணவிலுள்ள ஒரு புரதத்தைப் பகையென்று தவறாய் எண்ணிச் சண்டைக்குக் கிளம்புவதே இது. வீட்டுக்காரனையே திருடன் என்று பிடிக்கிற காவற்காரனுக்கு இதை ஒப்பிடலாம். இது பெரும்பாலும் தோலிலும் காதிலும் அரிப்பாக வெளிப்படும். சில நாய்களுக்கு வாந்தியும் பேதியும் கூட வரும். இதற்குச் சொற்ப அளவே போதும். “மூன்று வருஷமாகத் தின்றதுதானே, இன்றைக்கு மட்டும் எப்படி ஆகாமற் போகும்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வாமை முதல் நாளில் வருவதல்ல. மாதக்கணக்காக, வருஷக்கணக்காகத் தின்று பழகிய பொருளின் மேல்தான் அது உண்டாகிறது. ஆகையால் பழைய தீனி என்பதே அதற்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிடாது. பழையது என்பதற்காகவே ஒன்றை யோக்கியமானது என்று கொள்வது நாய் விஷயத்திலும் செல்லாது.

மூன்றாவது, நஞ்சு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் ஆகா. இது ஏதோ ஒரு நாய்க்கு ஒத்துக்கொள்ளாத சங்கதியல்ல. எந்த நாய்க்கும் கேடு. கல்யாண வீட்டுப் பிரியாணியின் மிச்சத்தில் வெங்காயமும் கொழுப்பும் சேர்ந்தே இருக்கின்றன என்பதைத் தோழர்கள் மறக்க வேண்டாம்.

முதலில் விலக்க வேண்டியவை

சொறிகிற நாயெல்லாம் தீனியால் சொறிகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நாமும் ஒரு ஜோசியன் ஆகிவிடுவோம். எந்த வியாதிக்காகவும் வைத்தியரிடம் கொண்டுவரப்படுகிற நாய்களில் 100க்கு 1 அல்லது 2 தான் உணவு ஒவ்வாமை உள்ளவை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அரிப்பென்று வருகிற நாய்களை மாத்திரம் எடுத்துக் கொண்டால் கணக்கு இதைவிட அதிகம்.

ஆதலால் முதலில் கண்ணுக்கு எட்டுகிற காரணங்களை விலக்க வேண்டும். உண்ணி இருக்கிறதா, தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று மயிரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சொறிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. வைத்தியர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். வயிற்றுப் புழுவுக்கு மலத்தைச் சோதிக்க வேண்டும். சொறிந்த புண்ணிலும் காதிலும் கிருமியும் பூஞ்சையும் குடியேறியிருந்தால் அதற்கு மருந்து போட வேண்டும். பூச்சி ஒழிந்ததும் அரிப்பு ஒழிந்தால் காரியம் முடிந்தது. இத்தனைக்குப் பிறகும், வெயில், மழை, பனி என்ற பேதமில்லாமல் வருஷம் முழுவதும் அரிப்பு நீடித்தாலோ, அரிப்போடு வயிற்றுக் கோளாறும் சேர்ந்திருந்தாலோ தீனியின் மேல் சந்தேகம் கொள்ள நியாயம் உண்டு.

லாரி ஷெட் வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கழிவு ஆயிலைத் தடவினால் நாய் அதை நக்கி விழுங்குகிறது. தோல் வழியாகவும் அது உள்ளே போகிறது. வெந்த தோல் மேலும் வேகிறது. இது வைத்தியமல்ல, வதை. அரிப்பை உடனே அடக்குகிற ஸ்டீராய்டு ஊசி அப்படிப்பட்டதல்ல, அது மருந்துதான். ஆனால் அது அரிப்பை அடக்குமே தவிர, காரணத்தைக் காட்டாது. ஊசியின் பலம் தீர்ந்ததும் அரிப்பு வந்தால், “மறுபடி ஒரு ஊசி” என்று மட்டும் கேளாமல், “காரணம் என்ன?” என்றும் வைத்தியரைக் கேளுங்கள். மருந்தைத் தானே திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

8 வாரச் சோதனை

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இன்றைக்கு உலகத்தில் நம்பத்தக்க வழி ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு யந்திரம் வேண்டாம், மந்திரம் வேண்டாம், பொறுமை வேண்டும். நாய் இதுவரை தின்றதையெல்லாம் நிறுத்தி, இதுவரை தின்றிராத ஒரு புரதத்தையும், தின்றிராத ஒரு மாவுப் பொருளையும் மாத்திரம் கொடுத்து வர வேண்டும்.

நமது ஜூஜுவாடி நாய் பாலும், கோழியும், கோதுமையும், அரிசியும், ராகியும் தின்றிருக்கிறது. அதற்கு மீனோ, பன்றிக்கறியோ, முயற்கறியோ ஒன்றை எடுத்துக் கொண்டு, அதோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கையாவது நன்றாய் வேக வைத்த மரவள்ளிக் கிழங்கையாவது சேர்க்கலாம். எண்ணெய், மசாலா, வெங்காயம் கூடாது. வேக வைத்த எலும்பும் முள்ளும் கூடாது. கோழி தின்று பழகிய நாய்க்குக் காடையைப் புதிதென்று கொடுப்பது அவ்வளவு உசிதமல்ல; இரண்டின் புரதமும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கக் கூடும். பசும்பால் குடித்த நாய்க்கு ஆட்டுக்கறி விஷயமும் அப்படியே. வளரும் குட்டிக்கும், சினை நாய்க்கும், மெலிந்த நாய்க்கும் இந்தத் தீனியில் சுண்ணாம்புச் சத்து முதலியவை போதா. அவற்றுக்கு வைத்தியர் யோசனையில்லாமல் இதை ஆரம்பிக்கவே கூடாது. மற்ற நாய்களுக்கும் அளவை அவரிடம் கேட்டுக் கொள்வதே நலம்.

“ஐயையோ, எங்கள் வீட்டில் மீன் நுழையாதே, பன்றிக்கறி என்ற பேச்சே கூடாதே” என்பவர்கள் இருப்பார்கள். மனிதன் தனக்கு இஷ்டமானதைத் தின்னட்டும், இஷ்டமில்லாததை விடட்டும். ஆனால் நாய்க்கு ஜாதி கிடையாது. அதன் குடலுக்குத் தீட்டும் தெரியாது. தன் ஆசாரத்தைத் தன் நாயின் வயிற்றில் திணித்து அதைச் சொறிய விடுவது எந்த தர்மத்தில் சேர்ந்தது? அவ்வளவு ஆசாரமுள்ளவர்களுக்கு, புரதத்தை மிகச் சிறு துணுக்குகளாக உடைத்துச் செய்யப்பட்ட தீனியும் இருக்கிறது. வைத்தியர் எழுதிக் கொடுப்பார், விலைதான் அதிகம்.

எத்தனை நாள் கொடுப்பது? உணவு ஒவ்வாமையுள்ள நாய்களைப் பற்றி அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி 2015இல் வெளியான கணக்குப்படி, 5 வாரத்தில் 100க்கு 80க்கு மேற்பட்ட நாய்களுக்கும், 8 வாரத்தில் 90க்கு மேற்பட்ட நாய்களுக்கும் குணம் தெரிந்தது. ஆகவே 8 வாரம். 10 நாள் பார்த்துவிட்டு “பலனில்லை” என்று விடுவது சோதனையாகாது.

இந்த 8 வாரமும் நாயின் வாய்க்குள் வேறொன்றும் போகக் கூடாது. எல்லைச் சாவடியில் லாரியை நிறுத்திச் சரக்கைப் பார்ப்பது எப்படி என்று ஜூஜுவாடிக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காவல்தான் இங்கேயும் வேண்டும். குழந்தையின் பிஸ்கட், டீக்கடைப் பொறை, பக்கத்து வீட்டு அம்மாளின் இரக்கம், குப்பைத் தொட்டி, கறிவாசனை சேர்த்த பூச்சி மாத்திரை ஆகிய எல்லாம் கள்ளக் கடத்தலே. ஒரு துண்டு பிஸ்கட் ஒரு மாத உழைப்பைக் கெடுத்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினம் ஒரு வரி எழுதி வாருங்கள்: இன்று என்ன தின்றது, அரிப்பு 10க்கு எத்தனை, எத்தனை முறை மலம் கழித்தது என்று.

திரும்பக் கொடுப்பதே சாட்சி

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியமான விஷயம். 8 வாரத்தில் அரிப்பு அடங்கிவிட்டது, காது காய்ந்து விட்டது, மயிர் முளைக்கிறது. வீட்டார் சந்தோஷப்பட்டு, “கண்டுபிடித்து விட்டோம்” என்பார்கள். இல்லை, இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அரிப்பு வேறு காரணத்தாலும் அடங்கியிருக்கலாம். பருவம் மாறியிருக்கலாம், பூச்சி மருந்தின் பலன் இப்போது தெரிந்திருக்கலாம்.

ஆகையால் பழைய தீனியை வேண்டுமென்றே திரும்பக் கொடுக்க வேண்டும். தீனிதான் காரணமென்றால் அரிப்பு சில மணி நேரத்திலாவது சில நாளிலாவது, பெரும்பாலும் 14 நாளுக்குள், திரும்பி வரும். வந்தால் உடனே சோதனைத் தீனிக்குத் திரும்பி, அரிப்பு மறுபடி அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடங்கினால், அப்போதுதான் ருஜுவானது. பிறகு கோழி, பால், கோதுமை, முட்டை என்று ஒவ்வொன்றாக, ஒரு சமயத்தில் ஒன்றை மாத்திரம், ஒன்றுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். குற்றமில்லாதவற்றைத் தாராளமாகத் திரும்பக் கொடுக்கலாம். திரும்பக் கொடுத்தும் அரிப்பு வரவில்லையானால் தீனி நிரபராதி. வேறு காரணத்தைத் தேட வேண்டியதுதான்.

தோழர்களே! மந்திரவாதிக்கும் வைத்தியனுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. கயிறு கட்டிய பிறகு அரிப்பு குறைந்தால் பூசாரி, “பார்த்தாயா என் கயிற்றின் மகிமையை!” என்கிறான். “சரி சாமி, கயிற்றை அவிழ்த்துப் பார்ப்போம், அரிப்பு திரும்புகிறதா என்று, பிறகு மறுபடி கட்டிப் பார்ப்போம்” என்று கேட்டுப் பாருங்கள். சாபம் கொடுப்பானே தவிர, சம்மதம் கொடுக்க மாட்டான். உண்மையான வைத்தியனோ தான் சொன்னதைத் தானே அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுகிறான். தன் சொல் பொய்யாகிப் போவதற்கும் ஒரு வழி திறந்து வைத்திருப்பவன் எவனோ அவன் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

புதிய பூசாரிகள்

பழைய பூசாரியை விரட்டிய பிறகு, ஆங்கிலம் பேசுகிற புதிய பூசாரியிடம் அகப்பட்டுக் கொள்ளக் கூடாது. மயிரையும் எச்சிலையும் அனுப்பினால் அலர்ஜியைச் சொல்லுகிறோம் என்கிற வியாபாரத்தை இரண்டு வைத்தியர்கள் சோதித்து 2019இல் பிரசுரித்தார்கள். நாயின் மயிரோடு, செயற்கை மயிரையும் உப்பு நீரையும் நாயுடையவை போல் அனுப்பி வைத்தார்கள். உயிரில்லாத அந்தச் செயற்கை மயிருக்கும் ஏராளமான அலர்ஜிகள் இருப்பதாகப் பலன் வந்தது! ஜாதகத்துக்கும் இதற்கும் என்ன பேதம்? உணவு ஒவ்வாமைக்கு இரத்தப் பரிசோதனையும் நம்பத்தக்கதாக இல்லை.

இன்னொரு கூட்டம், “நாய் ஓநாயின் வம்சம், தானியம் அதற்கு ஆகாது” என்கிறது. வம்சத்தைச் சொல்லி யோக்கியதையை நிர்ணயிக்கிற இந்தப் புத்தி நமக்குப் பழக்கமானதே. ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் 2013இல் நாயையும் ஓநாயையும் ஒப்பிட்டு, மாவுப் பொருளைச் செரிக்கச் செய்கிற ஒரு ஜீன் ஓநாய்க்கு 2 பிரதிகளே இருக்க, நாய்க்கு 4 முதல் 30 வரை இருப்பதைக் கண்டார்கள். மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, மனிதன் சோற்றைத் தின்று நாய் மாறிவிட்டது. பிறவி மாறாது என்பவர்கள் இந்தச் சங்கதியைக் கவனிப்பார்களாக! கிருஷ்ணகிரிச் சீமையின் ராகிக் களி பெரும்பாலான நாய்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. தானியமில்லாத சில தீனிகளைத் தின்ற நாய்களுக்கு இருதய நோய் வருவதாக வந்த புகார்களை விசாரிப்பதாக அமெரிக்க அரசாங்கத்தின் உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அறிவித்தது. அதுதான் காரணமென்று முடிவாக ருஜுவாகவில்லை. ஆனாலும் தானியமின்மை ஒரு சிறப்பு என்பதும் ருஜுவானதல்ல.

ஒவ்வாமையுள்ள 297 நாய்களின் கணக்கு 2016இல் வெளியாயிற்று. அதில் மாட்டுக்கறி 100க்கு 34, பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13 என்று இருந்தது. உடனே எவராவது, “பார்த்தீர்களா, கோமாதாவைத் தின்றதற்குத் தண்டனை!” என்று எழுதினாலும் எழுதுவார். அப்படியானால் அதே பட்டியலில் கோமாதாவின் பால் இரண்டாவது இடத்தில் இருப்பானேன்? எதை நாய்கள் அதிகமாகத் தின்கின்றனவோ அது பட்டியலில் முன்னே வருகிறது, அவ்வளவே. பொறையும் பாலும் கோழியும் போடுகிற நம் ஊரில், சந்தேகத்தை முதலில் அவற்றின் மேல் வைப்பதுதான் நியாயம்.

முடிவாக

இந்தப் பக்கத்துக்குக் கால்நடைச் சாஸ்திரம் புதிதல்ல. மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824இல் ஏற்பட்டது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் ஏற்பட்டது. சர்க்கார் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. 200 வருஷமாகப் பக்கத்தில் சாஸ்திரம் இருந்தும் நாயின் கழுத்தில் கயிறு ஏறுகிறதென்றால், குறை சாஸ்திரத்தில் இல்லை. நம் புத்தியில்தான் இருக்கிறது.

நாயினால் தனக்கு என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. பூர்வ ஜன்மப் பாவம் என்று அதனிடம் சொன்னாலும் அது நம்பி ஆறுதலடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அரிப்பு ஒன்றுதான். ஆகவே, சொறிநாய் என்று விரட்டுமுன் அதன் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், பூச்சியை ஒழியுங்கள், வைத்தியரைக் கேளுங்கள், 8 வாரம் நிறுத்துங்கள், பிறகு திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இந்த வழக்கம் நாய் விஷயத்தில் பழகிவிட்டால், “இதை நம்பு” என்று எவன் எதைக் கொண்டுவந்தாலும், “அவிழ்த்துப் பார்க்கலாமா?” என்று கேட்கிற தைரியம் தானே வந்துவிடும். அந்தக் கேள்வியைத் தோழர்கள் தங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.